யார்க் நகரத்து மதில்கள்

மதில், எயில், இஞ்சி, புரிசை, நொச்சி எனக் கோட்டைச் சுவருக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர்கள் பல. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர்கள் உண்டென்றால், அப்பொருள் மக்கள் வாழ்வில் எத்துணை இடம் பெற்றிருந்தது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மதிலை வளைத்துப் போரிடுவதை உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதை நொச்சி என்றும் வகுத்துப் பாடியவர்கள் தமிழர்கள். எனினும், ஒரு நகரின் மதில் மீதேறி, அந்நகரையே சுற்றி வரும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிட்டுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து நாட்டின் வடபகுதிக்குச் சென்றிருந்த நமக்கு, யார்க் என்னும் பழம்பெரும் நகரில் அவ்வாய்ப்புக் கிட்டிற்று. அங்குக் கண்டதையும் அறிந்ததையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் எதிரே தெரிவது மதில்தான். புல் படர்ந்த உயரமான மண்மேடு. அம்மேட்டின் முதுகில் வெளிர்மஞ்சள் கலந்த வெண்கல்லால் எழுப்பிய சுவர். நாம் சென்றது தவக்காலத்தின் இறுதி நாட்களில். மேட்டின் சரிவெங்கும் மஞ்சள் நிற டாஃபடில் மலர்கள் ஆயிரமாயிரமாய்ப் பூத்துக் காற்றில் அசைந்து கொண்டிருந்தன. போருக்கென எழுப்பிய மேட்டில் பூக்கள் காவல் நிற்பதைக் கண்டு சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டோம்.

இம்மதிலின் நீளம் ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர். இங்கிலாந்தில் இன்று எஞ்சியிருக்கும் நகர மதில்களுள் இதுவே மிக நீளமானது. மெதுவாக நடப்பவர் இரண்டு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். கட்டணம் ஏதுமில்லை. ஆனால் பொழுது சாயும் வேளையில் படிக்கட்டுக் கதவுகளை அடைத்துவிடுவார்கள். நடைபாதை குறுகலானது. வெளிப்புறம் மார்பளவு கைப்பிடிச் சுவர் உண்டு. உட்புறத்தில் பல இடங்களில் எந்தத் தடுப்பும் இல்லை. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கியே ஆக வேண்டும். நாம் ஏறிச் சென்ற சிறிது நேரத்திலெல்லாம் முதியவர் ஒருவர் எதிர்ப்பட்டார். நம் தயக்கத்தைக் கண்ட அவர், நம்மைச் சுவரோரம் நிற்கும்படி கையால் காட்டிவிட்டுத் தடுப்பில்லாத விளிம்போரமாய்த் தாம் கடந்து சென்றார். அவர் செய்தது மிகச் சிறிய செயல். ஆயினும் அன்று நாள் முழுவதும் அது நம் நினைவை விட்டு அகலவில்லை.

தெருவே கேட், வாயிலே பார்

யார்க் நகருக்குப் புதிதாக வருபவரைத் திணறச் செய்வன அங்குள்ள பெயர்கள். ஆங்கிலத்தில் 'கேட்' என்றால் வாயில் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் யார்க்கில் கேட் என்பது தெரு! ஒரு காலத்தில் அந்நகரை ஆண்ட டேனியர்களின் மொழியில் தெருவுக்கு வழங்கிய சொல் அது. அவ்வாறாயின் வாயிலுக்கு என்ன பெயர்? 'பார்' என்பது அதன் பெயர். குறுக்கே கட்டையிட்டு வழியை அடைப்பதால் வந்த பெயர் அது. இதனால் 'மிக்கிள்கேட் பார்' என்பது பெருந்தெரு வாயில் என்று பொருள்படும். 'பூதம் பார்' என்ற பெயரைக் கேட்டு நம் பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை. சந்தைக் குடில்கள் இருந்த இடம் என்பதே அதன் பொருள். மிக்கிள்கேட், பூதம், மங்க், வாம்கேட் ஆகிய நான்கும் பெருவாயில்கள். ஒவ்வொன்றின் அருகிலும் நின்று நோக்கினால் ஒவ்வொரு கதை கேட்கிறது. அக்கதைகளையெல்லாம் கேட்டபின் நம் உள்ளத்தில் ஒரே கேள்விதான் எஞ்சி நின்றது: இம்மதில் யாரைக் காத்தது?

உரோமையர் இட்ட கால்

யார்க் நகரை நிறுவியவர்கள் உரோமையர்கள். கி.பி. 71ஆம் ஆண்டில் உரோமையரின் ஒன்பதாம் படைப்பிரிவு அங்கே பாசறை அமைத்தது. எபோராக்கும் என்பது அவர்கள் இட்ட பெயர். முதலில் மண்ணும் மரமும் கொண்டு அமைந்த அரண் பின்னர்க் கல்மதிலாயிற்று. அதன் மேற்கு மூலையிலிருந்த பல்கோணக் கொத்தளம் இன்றும் ஓங்கி நிற்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் சிறு சிறு கற்களை ஒழுங்காக அடுக்கி, இடையே செங்கல் வரியொன்றை ஓட்டியிருக்கிறார்கள். அது உரோமையர் வேலை. அதன் மேலுள்ள பெருங்கற்கள் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்தோர் ஏற்றியவை. இரண்டு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்பதைக் கையால் தொட்டே உணரலாம்.

திருச்சபையின் வரலாற்றிலும் இவ்விடத்துக்குப் பங்குண்டு. கி.பி. 306ஆம் ஆண்டில் கொன்ஸ்தான்சியுஸ் பேரரசன் யார்க்கில் உயிர் நீத்தபோது, அவன் மகன் கொன்ஸ்தந்தீனை அங்கிருந்த படைவீரர்கள் பேரரசனாக அறிவித்தார்கள். ஏழு ஆண்டுகளுக்குப் பின், 313ஆம் ஆண்டில், கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை வழங்கியவர்களுள் ஒருவன் அதே கொன்ஸ்தந்தீன்தான். அதற்கடுத்த ஆண்டு பிரான்சு நாட்டு ஆர்ல் நகரில் கூடிய சங்கத்தில் யார்க் நகரின் மேற்றிராணியாரும் கலந்துகொண்டார். கல்லறைகளிலும் வீடுகளிலும் மறைந்து செபித்துவந்த சபை, வெளிச்சத்துக்கு வந்த காலம் அது.

உரோமையர் சென்றனர், ஆங்கிலேயர் வந்தனர், அவர்களை வென்று 866ஆம் ஆண்டில் டேனியர் நகரைக் கைப்பற்றினர். மறு ஆண்டு நார்த்தம்பிரிய மன்னர்கள் இருவர் நகரை மீட்க முயன்று, மதிலுக்குள்ளேயே மாண்டனர். பழைய உரோமை மதிலின் மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் மரவேலி அமைத்தவர்கள் டேனியர்களே. இன்று டாஃபடில் பூக்கும் மேட்டின் அடியில் பல இடங்களில் உரோமையரின் மதில் புதைந்து கிடக்கிறது. ஒருவர் தோற்ற இடத்தில் மற்றொருவர் மண் சுமந்து கொட்டியதால் வந்த உயரம் அது.

காக்க மறந்த கோட்டை

1068, 1069 ஆகிய ஆண்டுகளில் நார்மன் வேந்தன் வில்லியம், நகரை அடக்கி வைக்கும் பொருட்டு, ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு கோட்டைகளை அமைத்தான். அவற்றுள் ஒன்றன் மண்குன்றில் இன்று கிளிஃபர்டு கோபுரம் என்னும் கல்கோட்டை நிற்கிறது. படியேறி அதன் உச்சியிலிருந்து நகரைக் காண்பவர் பலர். படியேறுமுன் குன்றின் அடியிலுள்ள கல்வெட்டை நின்று படிப்பவர் சிலரே. நாம் படித்தோம். படித்தபின் உடனே ஏற மனம் வரவில்லை.

1190ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள். அப்போது அக்குன்றின் மேலிருந்தது மரக்கோபுரம். ஊரில் எழுந்த வெறிக் கூட்டத்துக்கு அஞ்சிய யூதர்கள், ஏறத்தாழ 150 பேர், மன்னனின் பாதுகாப்பை நம்பிக் குடும்பம் குடும்பமாய் அக்கோபுரத்தில் தஞ்சம் புகுந்தார்கள். வெளியே கூட்டம் முற்றுகையிட்டது. தப்ப வழியில்லை எனக் கண்டபோது, பகைவர் கையில் சிக்குவதினும் சாவதே மேலென்று, யோம் தோவ் என்னும் இரபியின் வழிகாட்டலில் அவர்களுள் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தாரை மாய்த்துத் தாமும் மாய்ந்தனர். கோபுரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. எஞ்சியோர், திருமுழுக்குப் பெறுவதானால் உயிர்ப்பிச்சை உண்டு என்ற வாக்கை நம்பி வெளியே வந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டனர்.

கொன்றவர்கள் யார்? அயல்நாட்டுப் படையினர் அல்லர்; உள்ளூர்க் கிறிஸ்தவர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சீமான்களில் சிலர் யூதரிடம் பெருங்கடன் பட்டவர்கள். கொலை முடிந்ததும் அவர்கள் நேரே சென்ற இடம் எது தெரியுமா? பேராலயம்! அங்குக் காப்புக்காக வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எடுத்து ஆலயத்துக்குள்ளேயே எரித்துப் போட்டார்கள். பக்தி என்ற போர்வைக்குள் பணம் ஒளிந்திருந்த வெட்கக்கேட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறு உண்டோ? இதை எழுத நம் கை கூசுகிறது. ஆயினும் நம்மவர் பட்ட பாடுகளை மட்டும் எழுதி, நம்மவர் செய்த கொடுமையை விட்டுவிட்டால் அது வரலாறு ஆகாது. பாவசங்கீர்த்தனத்தில் பாதியை மறைத்தவன் நிலையே நமக்கும் நேரும். 1978ஆம் ஆண்டில்தான் அங்கே நினைவுக் கல்வெட்டுப் பதிக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத மக்களோடு திருச்சபைக்குள்ள உறவைப் புதிய ஒளியில் காட்டியது 1965இல் என்பதை ஈண்டு நினைத்துக் கொள்வோம்.

வரியும் வாயிலும்

இன்று நாம் காணும் கல்மதில், பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தது. நகரின் தென்மேற்கே டாட்காஸ்டர் என்னும் ஊரின் பக்கத்தில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லே மதிலுக்கும் பயன்பட்டது, பேராலயத்துக்கும் பயன்பட்டது. கட்டும் செலவுக்கு மதில் வரி என்ற ஒன்றை விதிக்க மன்னன் அனுமதி தந்தான். நகருக்குள் விற்பனைக்கு வரும் சரக்கின் மீது வாயிலிலேயே காசு வாங்குவார்கள். அதாவது, வாயிலைக் கட்டியது வாயில் வழியே மூட்டை சுமந்து வந்தவனின் காசு.

வாயில்களின் அமைப்பை மங்க் பாரில் நன்கு காணலாம். நான்கு அடுக்கு உயரம். வாயில்களுள் உயரமானது இதுவே. கீழே வளைவு, வளைவின் மேலே, மேலிருந்து இறக்கும் இரும்பு முனை பொருத்திய மரச்சட்டக் கதவு, அதை ஏற்றி இறக்க மேல்தளத்தில் உருளை. பகைவன் ஒரு தளத்தைப் பிடித்தாலும் மற்றத் தளத்திலிருந்து போரைத் தொடரும்படி ஒவ்வொரு தளமும் தனித்தனியே காக்கத்தக்க வகையில் அமைந்திருக்கிறது. உச்சியில் கல்லாற் செய்த மனித உருவங்கள், எறிவதற்குக் கையில் கல்லை ஓங்கியபடி நிற்கின்றன. நூற்றாண்டுகள் பல சென்றும் அக்கற்களை அவை இன்னும் எறியவில்லை!

ஒவ்வொரு பெருவாயிலுக்கும் முன்னால் வழியின் இருபுறமும் சுவர் நீண்டு, முன்வாயில் ஒன்று இருந்தது. முதல் வாயிலை உடைத்து நுழைந்தவன், இரு சுவர்களுக்கிடையே சிக்கி, மேலிருந்து வரும் அம்புக்கு இலக்காவான். இம்முன்வாயில் அமைப்பு இங்கிலாந்தின் நகர வாயில்களுள் இன்று வாம்கேட் பாரில் மட்டுமே உள்ளது.

சுற்றி வருபவர் ஓரிடத்தில் மதிலைக் காணாது திகைப்பார். வில்லியம் மன்னன் ஃபாஸ் ஆற்றை அணையிட்டுத் தடுத்தபோது அங்கே பெரிய ஏரி உண்டாயிற்று. நீரே அரணாய் இருந்ததால் அப்பகுதியில் மதில் எழுப்பவில்லை. ஏரியின் கரையில் மதில் மீண்டும் தொடங்கும் இடத்தில், 1490ஆம் ஆண்டளவில் செங்கற்கோபுரம் ஒன்று கட்டினார்கள். செங்கோபுரம் என்றே அதன் பெயர். மதில் முழுதும் கல்லாயிருக்க, இது மட்டும் செங்கல் ஆனது கல்தச்சர்களுக்குப் பொறுக்கவில்லை. தங்கள் பிழைப்பில் பிறர் கைவைப்பதாகக் கருதிச் செங்கல் கொத்தர்களை அச்சுறுத்தினர், கருவிகளை உடைத்தனர். முடிவில் செங்கல் கொத்தர் ஒருவர் கொலையுண்டார். வெளிப்பகையைத் தடுக்கக் கட்டிய சுவரில் உட்பகை சிந்திய இரத்தம் அது.

துறவிகளும் நகர மக்களும் பகைத்துக் கொண்டதற்கும் சான்றுண்டு. நகருக்கு வெளியே புனித மரியன்னையின் பேரில் இருந்த ஆசீர்வாதப்பர் சபை மடம், வடநாட்டிலேயே செல்வம் மிக்கது. வாணிக உரிமை பற்றியும் ஆட்சி எல்லை பற்றியும் எழுந்த சச்சரவில் 1262ஆம் ஆண்டு நகர மக்கள் மடத்தின் மீது பாய்ந்தனர். உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதன்பின் மடத்தார் தமக்கெனத் தனி மதில் எழுப்பிக் கொண்டனர். 1539இல் மன்னன் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்தான். இன்று ஆலயம் கூரையற்ற எச்சமாய் நிற்கிறது. அதைச் சூழ்ந்த மதிலோ பெரும்பகுதி அப்படியே இருக்கிறது!

மிக்கிள்கேட் வாயிலின் தலைகள்

தெற்கிலிருந்து வரும் மன்னர்கள் நகருக்குள் நுழைவது மிக்கிள்கேட் வாயில் வழியே. ஆதலின் அரசின் அச்சுறுத்தலும் அங்கேதான் தொங்கவிடப்பட்டது. துரோகி என்று முத்திரை குத்தப்பட்டோரின் தலைகளை ஈட்டியில் செருகி அவ்வாயிலின் உச்சியில் நிறுத்துவார்கள். 1460ஆம் ஆண்டு போரில் வீழ்ந்த யார்க் கோமகன் ரிச்சர்டின் தலை அங்கே வைக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் அவன் மகன் வென்று வந்து தந்தையின் தலையை இறக்கி, பகைவரின் தலைகளை ஏற்றினான். வாயில் ஒன்றுதான், தலைகளே மாறின.

எலிசபெத் அரசியின் காலத்தில், 1572ஆம் ஆண்டு, நார்த்தம்பர்லாந்துச் சீமான் தாமஸ் பெர்சியின் தலையும் அங்கே ஏறிற்று. வடநாட்டுக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் அவர். கத்தோலிக்க விசுவாசத்தை விட்டுவிட்டால் உயிர் தருவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டார். 1895ஆம் ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

அதே நகரில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மனைவி மார்கரெட் கிளித்ரோ. 1574ஆம் ஆண்டளவில் கத்தோலிக்க மறையைத் தழுவிய இவ்வம்மையார், வேட்டையாடப்பட்ட குருக்களைத் தம் இல்லத்தில் மறைத்துவைத்துப் பூசை காணச் செய்தார். குருக்கள் தூக்கிலிடப்பட்ட நேவ்ஸ்மயர் என்னும் வெளி, மிக்கிள்கேட் வாயிலுக்கு அப்பால் உள்ளது. இரவு வேளைகளில் வெறுங்காலோடு அங்கே நடந்து சென்று செபிப்பது அவர் வழக்கம். 1586ஆம் ஆண்டு கைதானபோது, குற்றச்சாட்டுக்குப் பதில் கூற அவர் மறுத்துவிட்டார். பதில் கூறினால் வழக்கு நடக்கும். வழக்கு நடந்தால் தம் பிள்ளைகளே தமக்கெதிராகச் சாட்சி சொல்ல நேரும். அப்பாவத்திலிருந்து பிள்ளைகளைக் காக்க எண்ணிய தாயின் மௌனம் அது. பதில் கூறாதவர்க்கு அன்றைய சட்டம் விதித்த தண்டனை மிகக் கொடியது. மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், அவ்வாண்டின் பெரிய வெள்ளியன்று, கூரிய கல்லின்மேல் அவரைக் கிடத்தி, கதவொன்றை மேலே வைத்து, பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். 1970ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1190இல் தஞ்சம் புகுந்தோரைக் கொன்ற நகரில், தஞ்சம் கொடுத்ததற்காக உயிர் கொடுத்த பெண் அவர். அம்மையாரின் வீட்டுக் கதவு அந்த நகரத்தின் எந்த வாயிலையும்விட உறுதியாய் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

மதிலை விரும்பாத கன்னி

1644ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படைகள் ஏப்ரல் திங்களிலிருந்து யார்க் நகரை முற்றுகையிட்டன. வாம்கேட் வாயிலுக்கடியில் சுரங்கம் தோண்டினார்கள், பீரங்கியால் தாக்கினார்கள். ஜூலை 2ஆம் நாள் மார்ஸ்டன் மூர் வெளியில் மன்னனின் படை முறியடிக்கப்பட்டது. 16ஆம் நாள் நகரம் பணிந்தது. ஆலயங்களைச் சிதைக்கக் கூடாது என்பது உடன்படிக்கையின் ஒரு நிபந்தனை. வென்ற படையின் தலைவர்களான ஃபேர்ஃபாக்ஸ் குடும்பத்தார் யார்க் சீமையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வாக்கைக் காத்தனர். இங்கிலாந்தின் பல ஆலயங்களில் வண்ணக் கண்ணாடிகள் நொறுக்கப்பட்ட அக்காலத்தில், யார்க் பேராலயத்தின் சாளரங்கள் தப்பின. 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் என்பவர் ஆக்கிய கீழ்த்திசைப் பெருஞ்சாளரத்தை இன்றும் நாம் காண்பது அவ்வாக்கின் பயனே. மதில் விழுந்த பின்னும் ஒரு மனிதனின் சொல் காத்து நின்றது.

அம்முற்றுகையின்போது மதிலுக்குள் தஞ்சம் புகுந்தவர்களுள் நோயுற்ற கன்னிகை ஒருவர் இருந்தார். மேரி வார்டு என்பது அவர் பெயர். 1585இல் யார்க் சீமையில் பிறந்தவர். பெண்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட, 1609ஆம் ஆண்டில் கன்னியர் குழுவொன்றைத் தொடங்கினார். துறவுப் பெண்கள் உயர்ந்த மதிலுக்குள் அடைபட்டே வாழ வேண்டும் என்பது அன்றைய சட்டம். அவ்வடைப்பு வேண்டாம், மக்களிடையே சென்று பணி செய்ய வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1631இல் அவர் சபை கலைக்கப்பட்டது. சில காலம் அவரே சிறைப்படுத்தப்பட்டார். அவர் திருச்சபையைப் பழிக்கவுமில்லை; விட்டு விலகவுமில்லை; தம் எண்ணத்தைக் கைவிடவுமில்லை. மடத்து மதில் வேண்டாம் என்ற அவரைப் போர்க்காலத்தில் நகர மதில் ஏற்றுக் கொண்டது. முற்றுகை முடிந்தபின், 1645ஆம் ஆண்டு சனவரியில், நகருக்கருகே ஹீவர்த் என்னும் சிற்றூரில் அவர் உயிர் துறந்தார். 1909இல்தான் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அவரைச் சபையின் நிறுவனர் என ஏற்க இசைந்தார். 2009இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

அவர் வழிவந்த கன்னியர் 1686ஆம் ஆண்டில் மிக்கிள்கேட் வாயிலுக்கு வெளியே ஒரு மடம் தொடங்கினார்கள். வாயிலின் பெயரால் பார் கான்வென்ட் என்று அது வழங்குகிறது. கத்தோலிக்க வழிபாடு சட்டத்துக்குப் புறம்பாயிருந்த 1769ஆம் ஆண்டில் அங்கே சிற்றாலயம் ஒன்றைக் கட்டினர். அழகிய குவிமாடத்தைச் சாதாரண ஓட்டுக்கூரைக்குள் மறைத்தனர். ஆபத்து வந்தால் தப்ப எட்டு வழிகளை வைத்தனர். அங்குப் பயின்று, 1814இல் அம்மடத்திலேயே சேர்ந்த அயர்லாந்துப் பெண்ணான தெரேசா பால், தாய்நாடு திரும்பி லொரேட்டோ கன்னியர் கிளையைத் தொடங்கினார். அங்கிருந்து 1841இல் கன்னியர் கல்கத்தாவுக்கு வந்தனர். 1928ஆம் ஆண்டு அதே லொரேட்டோ மடத்தில் சேர்ந்த அல்பானியப் பெண்ணை உலகம் பின்னர் அன்னை தெரேசா என்று அறிந்தது. மடத்து மதிலைத் தாண்டிச் சேரிக்குள் நடந்த அவ்வன்னையின் கால்களுக்கும், யார்க்கின் மிக்கிள்கேட் வாயிலுக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டென்பதை அங்கு நின்றபோதுதான் நாம் உணர்ந்தோம்.

இடிக்க வந்த காலம்

போர் ஓய்ந்தபின் மதிலுக்கு வேறு பகை வந்தது. வாயில்கள் குறுகல், வண்டிகள் செல்ல இடைஞ்சல், பழுதுபார்ப்பதோ பெருஞ்செலவு என்று கூறி, 1800ஆம் ஆண்டளவில் நகராட்சியே மதிலை இடிக்க முனைந்தது. எதிர்ப்பால் முழு இடிப்பு நின்றது. ஆனால் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். மங்க் வாயிலின் முன்வாயில் 1825இல் போயிற்று, மிக்கிள்கேட்டினது 1826இல், பூதத்தினது 1831இல்.

அப்போது குரல் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஓவியர் வில்லியம் எட்டி. அந்நகரில் இனிப்பு ரொட்டி சுட்டு விற்றவரின் மகன். இலண்டனில் புகழ்பெற்று வாழ்ந்தபோதும் பிறந்த ஊரை மறவாமல், மதிலைக் காக்கும்படி நகர மக்களுக்கு ஓயாது எழுதினார். நேரில் வந்து பேசினார். அவரைப் போன்றோரின் முயற்சியால் மக்கள் நன்கொடை திரட்டி மதிலைப் பழுதுபார்க்கத் தொடங்கினர். இன்று அவர் சிலை, இடிபடாமல் தப்பிய பூதம் வாயிலுக்கருகே நிற்கிறது. அவர் கல்லறை, மரியன்னை மடத்தின் எச்சங்களையொட்டிய ஆலய வளாகத்தில் உள்ளது.

ஆனால் மதிலைக் காப்பது மட்டும் போதுமா? 1832ஆம் ஆண்டு காலரா நோயால் நகரில் 185 பேர் மாண்டனர். அவர்களை மதிலுக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் புதைத்தார்கள். இரயில் நிலையத்துக்கெதிரே அக்கல்லறைகள் சில இன்றும் உள்ளன. பின்னர், அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஏழைகள் வாம்கேட் பகுதியின் நெருக்கடியான சந்துகளில் குடியேறினர். அவர்களுக்காக 1850ஆம் ஆண்டில் புனித ஜியார்ஜியார் ஆலயம் எழுந்தது. அந்நகரத்துச் சாக்லேட் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரவுன்றீ 1899இல் வீடு வீடாக விசாரிக்கச் செய்து ஆராய்ந்தபோது, நகர மக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வறுமையில் வாடுவதைக் கண்டறிந்தார். 1901இல் நூலாக வந்த அவ்வாராய்ச்சி நாட்டையே திடுக்கிட வைத்தது. பீரங்கியைத் தடுத்த மதிலால் பசியைத் தடுக்க இயலவில்லை.

மாலை மங்கும் நேரத்தில் நாம் தொடங்கிய இடத்துக்கே மீண்டு வந்தோம். இம்மதில் யாரைக் காத்தது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைக்கவில்லை. தஞ்சம் புகுந்தவரைச் சாக விட்டதும் இந்நகரமே; மேரி வார்டு அம்மையாருக்குத் தஞ்சம் தந்ததும் இந்நகரமே. அன்றன்று அதனுள் வாழ்ந்தவர்களின் நெஞ்சம் எப்படியோ அப்படியே இருந்தது மதில். கல்லுக்கு இரக்கமும் இல்லை, வன்மமும் இல்லை.

வாசகக் குடும்பங்களே, நாமும் வீடு கட்டும்போது சுற்றுச்சுவர் எழுப்புகிறோம். களவுக்கு அஞ்சி அதில் கண்ணாடித் துண்டுகளையும் பதிக்கிறோம். அது தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அச்சுவரில் நாம் வைக்கும் கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதை ஆண்டுக்கொரு முறையேனும் குடும்பமாய் அமர்ந்து எண்ணிப் பார்ப்பது நலம். இறைச்சிக் கடைக்காரரின் மனைவி எண்ணிப் பார்த்தார், திறந்தார்.

படியிறங்குமுன் மீண்டுமொரு முறை குறுகிய பாதையில் எதிரே ஆள் வரக் கண்டோம். கையில் குழந்தையுடன் ஓர் இளந்தாய். இம்முறை நாம் சுவரோரத்தை அவருக்கு விட்டு, விளிம்போரமாய் ஒதுங்கி நின்றோம். அவர் புன்னகைத்து நன்றி கூறிச் சென்றார். கீழே காவலர் படிக்கட்டுக் கதவை அடைக்கச் சாவியோடு காத்திருந்தார்.